வாசல் தாண்டாத திருப்பயணம்

இருந்த இடத்தில் இருந்தபடியே தொலைவிலுள்ளதைக் காணவேண்டும் என்னும் ஆவல் மனிதனோடு பிறந்தது. பயணம் போய்வந்தவர் திண்ணையில் அமர்ந்து கதை சொல்ல, போகாதவர்கள் சூழ்ந்திருந்து கேட்டதும் அந்த ஆவலினால்தான். பின்னர் நிழற்படம் வந்தது, திரைப்படம் வந்தது, தொலைக்காட்சி வந்தது. இன்று கைக்குள் அடங்கும் ஒரு கருவியின் வழியே, உரோமைப் பேராலயத்தின் நடுவே நின்றாற்போல நாற்புறமும் திரும்பிப் பார்க்கவும், அண்ணாந்து நோக்கவும், விரும்பியதை நெருங்கிக் காணவும் முடிகிறது. இதற்குத் தமிழில் ‘மெய்நிகர் சுற்றுலா’ என்று பெயரிட்டிருக்கிறோம். தவக்காலத்திலும் திருவிழாக் காலத்திலும் இதுவே ‘மெய்நிகர் திருப்பயணம்’ என்னும் பெயரோடு நம் கத்தோலிக்க இல்லங்களுக்குள் வருகிறது.

இப்பெயரிலேயே ஒரு வினா அடங்கியுள்ளது. தமிழில் ‘மெய்’ என்றால் உண்மை. ‘மெய்’ என்றால் உடல். மெய்க்கு நிகரானது என்று ஒன்றைச் சொல்லும்போது எந்த மெய்யை எண்ணிச் சொல்கிறோம்? கண்ணுக்குத் தோன்றும் உண்மைக்கு அது ஒருவேளை நிகராகலாம். நடந்து களைத்து, வரிசையில் நின்று, முழந்தாளிட்டு, பக்கத்தில் நிற்பவர்மேல் இடித்துக்கொள்ளும் உடலுக்கு அது நிகராகுமா? கடவுளின் வாக்கானவர் மனித உடல் எடுத்து நம்மிடையே குடிகொண்டார் என்று அறிக்கையிடும் நமக்கு இது சொல்விளையாட்டு அன்று. நம் விசுவாசத்தின் நடுப்பகுதியைத் தொடும் வினா.

எனவே இத்தகைய படைப்புகளுள் இரண்டை எடுத்துக்கொண்டு, அவை நமக்குத் தருவது என்ன, தர இயலாதது என்ன, அவற்றைக் கொண்டு நாம் செய்யவேண்டியது என்ன என்பதை ஆராய்வது நலமென எண்ணுகிறோம்.

இரண்டு படைப்புகள்

முதலாவது, 2010ஆம் ஆண்டில் வத்திக்கானின் இணையத்தளத்தில் இடம்பெற்ற சிஸ்டைன் சிற்றாலயக் காட்சி. புனித அகுஸ்தீனார் சபையார் அமெரிக்காவில் நடத்தும் வில்லனோவா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் இதனை உருவாக்கினர். சிற்றாலயத்தின் பல்லாயிரம் பகுதிகளைத் தனித்தனியே படமெடுத்து, ஒட்டுத் தெரியாதபடி இணைத்து, பார்ப்பவர் தம் விருப்பம்போல் திரும்பிக் காணும் ஒரே காட்சியாக்கினர்.

இரண்டாவது, 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அறிமுகப்படுத்தப்பட்ட புனித பேதுரு பேராலயத்தின் எண்ணிமப் படிவம். பேராலயத்தைப் பராமரிக்கும் நிர்வாகம், மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தொன்மையான கட்டடங்களை அளந்து பதிவு செய்யும் இக்கோனெம் என்னும் பிரெஞ்சு நிறுவனம் ஆகியவை சேர்ந்து இதனைச் செய்தன. ட்ரோன் எனப்படும் ஆளில்லாப் பறக்கும் கருவிகளும் ஒளிக்கதிர் அளவைக் கருவிகளும் பேராலயத்தில் ஆளரவம் இல்லாத நேரங்களில் இயங்கி, 4,00,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தன. செயற்கை நுண்ணறிவின் துணையால் அவை ஒன்றிணைக்கப்பட்டு, முழுப் பேராலயத்திற்கும் ஓர் இரட்டை உருவம் படைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டின் யூபிலியை முன்னிட்டு வந்த படைப்பு இது.

இவ்விரண்டையும் முதலில் மனமுவந்து பாராட்டுவோம். சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானம் தரையிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1508முதல் 1512வரை மைக்கேலாஞ்சலோ அண்ணாந்து நின்று தீட்டிய ஓவியங்களைக் காண, நாமும் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கவேண்டும். கூட்டம் நெருக்கும். பேச்சொலி எழுந்தால் காவலர்கள் அமைதி காக்கச் சொல்லி அதட்டுவர். பின்னால் வருபவர்களுக்கு இடம்விட்டு நகரவேண்டும். திரையிலோ, ஆதாமின் விரலுக்கும் படைத்தவரின் விரலுக்கும் இடையேயுள்ள அந்தச் சிறு இடைவெளியை ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் உற்று நோக்கலாம். 1541இல் நிறைவுற்ற இறுதித் தீர்வை ஓவியத்தில், புனித பர்த்தலமேயு தம் கையில் ஏந்தியிருக்கும் உரித்த தோலில் தெரியும் வாடிய முகம் மைக்கேலாஞ்சலோவின் முகமே என்பர் பலர். ஒரு கலைஞன் தன் பாவ உணர்வை இவ்வாறு தீர்வையின் நடுவே தொங்கவிட்டதை ஆற அமர எண்ணிப் பார்க்கத் திரை நமக்குப் பொழுது தருகிறது.

பேராலயத்தின் படிவமும் அவ்வாறே. அங்குள்ள பீடப் படங்களுள் பெரும்பாலானவை தூரிகையால் தீட்டப்பட்டவை அல்ல. வண்ணச் சில்லுகளைப் பதித்து ஆக்கிய மொசைக் வேலைப்பாடுகள். தரையில் நிற்கும் பயணி இதனை அறியாமலேயே திரும்பிவிடக்கூடும். இப்பதிவுகளை ஆராய்ந்தபோது கண்ணுக்கு எட்டாத விரிசல்களும், உதிர்ந்துபோன சில்லுகளின் இடங்களும் தெரியவந்தன. பாரீசு நகரின் அன்னை மரியா பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பற்றி எரிந்தபோது, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒளிக்கதிர் அளவைகள் அதனைச் சீரமைக்கத் துணையாயின. 2024 டிசம்பரில் அப்பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது அறியாமை. தலைமுறைகள் கட்டியதைக் காப்பாற்றும் பணியும் இதில் உண்டு.

திரை தராதவை

ஆயினும், பாராட்டியபின் ஆராயவேண்டும்.

புனித பேதுரு பேராலயத்தின் உள்ளே நுழைந்ததும், தீர்த்தத் தொட்டியைத் தாங்கிநிற்கும் குழந்தை வானதூதர் சிலைகள் தென்படும். வாயிலிலிருந்து பார்க்கையில் அவை இயல்பான குழந்தைகளின் அளவினவாகவே தோன்றும். நெருங்கிச் சென்று தீர்த்தம் தொடும்போதுதான், அந்தக் குழந்தைகள் நம்மைவிட உயரமானவை, ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் உடையவை என்பது புரியும். அந்தக் கணத்தில் பேராலயம் முழுவதும் நம்மைச் சுற்றித் திடீரெனப் பெருகி வளரும், நாம் சிறுத்துப்போவோம். அந்தக் கட்டடக் கலையின் இரகசியம் இதுதான். அங்கே அளவுகோல் நம் உடல். நம் உடல் அங்கே இல்லையென்றால் எதனைக் கொண்டு அளப்பது? திரையில் தேவைப்படும்போதெல்லாம் பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரிதாவது படம், நாம் சிறியவர்களாவதில்லை. இறைவன் திருமுன் தன் சிறுமையை உணர்வதே வழிபாட்டின் தொடக்கம் என்றால், அந்தத் தொடக்கம் அங்கே நிகழ்வது அரிது.

அடுத்தது, வரிசை முறை. 17ஆம் நூற்றாண்டில் பெர்னீனி வளாகத்தைச் சுற்றி எழுப்பிய தூண் வரிசைகள், தாயொருத்தி இரு கைகளையும் விரித்து வரவேற்பதுபோல் அமைந்தவை. அந்த அணைப்புக்குள் நடந்து, படிகளில் ஏறி, முன்மண்டபத்தைக் கடந்து, நீண்ட நடுக்கூடத்தின் வழியே சென்றால்தான், பேதுருவின் கல்லறைக்கு மேலுள்ள பீடத்தை அடையலாம். தொலைவிலிருந்து அருகே வருதல் என்பது அங்கே செபத்தின் ஒரு பகுதி. திரையிலோ விரலால் ஒரு முறை தொட்டால் குவிமாடம். மறுமுறை தொட்டால் கல்லறை. போய்ச் சேர்தல் என்பதே இல்லை. வழி இல்லாத இடத்தில் வழிப்போக்கன் எப்படி இருப்பான்?

மூன்றாவது, வெறுமை. இவ்விரு படைப்புகளிலும் நாம் காணும் ஆலயங்களில் மனிதரே இல்லை. படமெடுக்க வசதியாக ஆளில்லா நேரம் தேர்ந்தெடுக்கப்பட்டது இயல்பே. ஆனால் பார்ப்பவருக்கு அதனால் கிடைப்பது, திருச்சபை இல்லாத திருக்கோவில். மொழி தெரியாத யாரோ ஒரு மூதாட்டி அருகில் நின்று செபமாலை உருட்டும் ஒலி இல்லை; களைத்து அழும் குழந்தை இல்லை; பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் தலைகுனிந்து காத்திருக்கும் இளைஞன் இல்லை. நாம் மட்டுமே இருக்கிறோம். எல்லாம் நமக்காகவே இருக்கிறது. நம்மைத் திரும்பிப் பார்ப்பவர் எவருமில்லை.

வெறுமையான இடம் எப்போதுமே பொருளற்றது என்று நாம் சொல்லவில்லை. பெருந்தொற்று பரவியிருந்த 2020ஆம் ஆண்டு மார்ச் 27 மாலையில், மழையில் நனைந்த வெறிச்சோடிய பேதுரு வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று உலகுக்காகச் செபித்ததை வீடுகளில் அடைபட்டிருந்த கோடிக்கணக்கானோர் திரையில் கண்டோம். அந்த வெறுமை நம்மை உலுக்கியது. ஏனெனில் அங்கே ஒருவர் நம் பொருட்டு நின்றார். நாம் செபித்த அதே நேரத்தில் அவரும் செபித்தார். அங்கே இருக்கவேண்டியவர்கள் இல்லாமற்போன துயரமே அந்தக் காட்சியின் உள்ளடக்கமாக இருந்தது. அன்று திரை நம்மை ஒரு கூட்டமாக்கியது. மெய்நிகர் சுற்றுலாவின் வெறுமை அத்தகையதன்று. அதில் எவரும் இல்லாதது ஒரு வசதி.

நான்காவது, மிகச் சிறியது. நமக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது. அப்பேராலயத்தில் புனித பேதுருவின் வெண்கலச் சிலை ஒன்று உண்டு. அமர்ந்த கோலத்தில் உள்ள அச்சிலையின் வலப்பாதம் தேய்ந்து மழுங்கி, விரல்கள் உருத் தெரியாமல் இருக்கும். நூற்றாண்டுகளாக அங்கு வந்தவர்கள் தொட்டும் முத்தமிட்டும் வெண்கலத்தைத் தேய்த்துவிட்டனர். மன்னர் தொட்டிருக்கலாம், கடனாளி தொட்டிருக்கலாம், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தொட்டிருக்கலாம். அந்தத் தேய்மானத்தைத் திரை மிகத் துல்லியமாகக் காட்டும். ஆனால் பல இலட்சம் பேர் திரையில் பார்த்தாலும் அந்தப் பாதம் ஒரு மயிரிழையும் தேயாது. அவர்களுடைய விரல்களிலும் அந்த வெண்கலத்தின் குளிர்ச்சி படியாது. இடம் பயணியிடமிருந்து ஒன்றைப் பெற்று, பயணிக்கு ஒன்றைத் தருவதே திருப்பயணம். திரையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லை.

முன்னோர் சென்ற வழி

அப்படியானால் வீட்டிலிருந்தபடியே செய்யும் திருப்பயணம் பொய்யானதா? அவ்வாறு தீர்ப்பிட நம் மரபு இடந்தராது. திரைகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திருச்சபை இதனை அறிந்திருந்தது.

பெத்லகேமிலேயே குடியேறி வாழ்ந்து 420இல் இறந்த புனித எரோணிமுஸ், நோலா நகரப் பவுலீனுக்கு எழுதிய மடலில், எருசலேமைப் பார்த்தது பெருமையன்று, அங்கே நல்வாழ்வு வாழ்ந்ததே பெருமை என்னும் கருத்தை வலியுறுத்தினார். விண்ணகத்தின் வாயில் எருசலேமுக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ அவ்வளவே தொலைதூரப் பிரித்தானியாவுக்கும் அருகில் உள்ளது என்பது அவர் காட்டிய உண்மை. புனித பூமியில் வாழ்ந்தவரே இதைச் சொன்னார் என்பது கருதத்தக்கது. அதே நான்காம் நூற்றாண்டில் எகேரியா என்னும் பெண்மணி எருசலேமுக்குப் பயணம் செய்து, அங்கே கண்ட இடங்களையும் வழிபாடுகளையும் ஊரிலிருந்த தம் சகோதரிகளுக்கு விரிவாக எழுதினார். ஒவ்வோர் இடத்திலும் அதற்குரிய மறைநூல் பகுதியை வாசித்து மன்றாடியதையும் குறித்தார். அம்மடல்களைப் படித்த சகோதரிகள் இருந்த இடத்திலிருந்தே அவரோடு நடந்திருப்பர்.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில், செருமனியின் ஊல்ம் நகரில் வாழ்ந்த பெலிக்ஸ் பாபிரி என்னும் தோமினிக் சபைத் துறவியின் செய்கை இன்னும் வியப்பானது. அவர் இருமுறை புனித பூமிக்குச் சென்றவர். அடைப்பு வாழ்வு வாழ்ந்த கன்னியர், தாங்களும் போகவேண்டும் என்னும் ஏக்கத்தோடு அவரை நாடினர். மடத்தின் வாசலை அவர்கள் தாண்ட இயலாது. ஆகவே 1492ஆம் ஆண்டளவில் அவர்களுக்காக ஒரு நூலை எழுதினார். நாள்தோறும் இவ்வளவு தூரம் என்று பயணத்தைப் பகுத்து, ஒவ்வொரு நாளுக்கும் உரிய இடத்தையும் செபத்தையும் தியானத்தையும் வரையறுத்தார். மனத்தால் பயணம் செய்வோருக்குக் கப்பலும் இல்லை, கடற்பிணியும் இல்லை, கொள்ளையர் அச்சமும் இல்லை. ஆயினும் நாள் தவறாமல் எழுந்து, அன்றைய தூரத்தை அன்றைய செபத்தால் கடந்தே ஆகவேண்டும். நினைத்தவுடன் எருசலேமில் குதித்துவிட அந்நூல் அனுமதிப்பதில்லை.

புனித இலொயோலா இஞ்ஞாசியாரும் இதே வழியைக் காட்டினார். ஆன்மிகப் பயிற்சிகளில், மறைநிகழ்ச்சியைத் தியானிக்குமுன் அது நடந்த இடத்தை மனக்கண்ணால் காணவேண்டும் என்பார். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் செல்லும் வழியின் நீள அகலத்தையும் மேடு பள்ளத்தையும், குகையின் உயரத்தையும் தாழ்வையும் கருதிப் பார்க்கச் சொல்வார். இதைச் சொன்னவர் 1523இல் எருசலேமுக்கு நேரில் சென்றவர். அங்கே ஒலிவ மலையில், ஆண்டவர் விண்ணேறியபோது பதிந்ததாகப் போற்றப்படும் அடிச்சுவடுகளைக் கண்டார். திரும்பி வந்தபின், வலப்பாதம் எத்திசை நோக்கியது, இடப்பாதம் எத்திசை நோக்கியது என்று கவனிக்கவில்லையே என்று தவித்தார். தம்மிடமிருந்த கத்தரிக்கோலைக் காவலர்களுக்குக் கொடுத்து மீண்டும் உள்ளே சென்று பார்த்துவந்தார். இடத்தின்மேல் அத்துணைக் காதல் கொண்ட ஒருவரே, இடத்திற்குப் போக இயலாதவர்களுக்கு மனத்தால் போகும் கலையைக் கற்பித்தார்.

நம் தமிழ் மண்ணிலும் இவ்வழி உண்டு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைப் பாடும்போது, தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்தார். மழையும் ஆறும் வயலும் வளமுமாக யூதேயா தமிழர் கண்முன் விரிந்தது. சூசையப்பரின் நாட்டைத் தமிழர் தம் நாட்டின் சாயலிலேயே கண்டனர். உள்ளபடியே காட்டுவது அவர் நோக்கமன்று. அங்கே நடந்த மீட்பு இங்கே நமக்கும் உரியது என்று உணர்த்துவதே நோக்கம்.

இவை எல்லாவற்றிலும் பெரியதும் எளியதும் நம் ஒவ்வொரு பங்குக் கோவிலின் சுவரிலும் உள்ளது. 14 சிலுவைகள். எருசலேமுக்குப் போக இயலாத ஏழைகளுக்காக எருசலேமின் துயர வீதியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார்கள் பிரான்சிஸ்கு சபையார். 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெந்து நிலைகளின் எண்ணிக்கையை 14 என்று உறுதிப்படுத்தினார். உலகிலேயே மிகுதியானோர் மேற்கொண்ட மெய்நிகர் பயணம் சிலுவைப் பாதையே எனலாம். படங்கள் பல வேளைகளில் மிகச் சாதாரணமானவை. வண்ணம் மங்கியவை. ஆயினும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் முழங்கால் வலியோடு பதினான்கு முறை எழுந்து பதினான்கு முறை முழந்தாளிடும் நம் தாய்மார்கள், அந்த மங்கிய படங்களின் வழியே கல்வாரிக்குப் போய்வருகிறார்கள். சிலுவைப் பாதைக்குரிய ஞானப்பலனைப் பெற, ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு நகரவேண்டும் என்று திருச்சபை விதித்துள்ளது. கூட்டமாகச் செய்கையில் நடத்துபவராவது நகரவேண்டும். வர இயலாத நோயாளிக்கு, பாடுகளைச் சிறிது நேரம் வாசித்துத் தியானித்தலே போதும் என்று சலுகையும் அளித்துள்ளது. இவ்விதியில் உள்ள ஞானத்தை எண்ணிப் பாருங்கள். நகர முடிந்தவன் நகரட்டும். முடியாதவனை இறைவன் தேடி வருவார்.

பழைய வழிக்கும் புதிய வழிக்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகிறது. பழைய வழி கண்ணுக்குக் கொஞ்சம் தந்து, உடலிடமும் மனத்திடமும் நிறையக் கேட்டது. புதிய வழி கண்ணுக்கு எல்லாவற்றையும் தந்து, நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கேட்காத காரணத்தாலேயே அது நம்மை மாற்றாமல் விட்டுவிடக்கூடும். குறை கருவியில் இல்லை. கேட்கப்படாததை நாமாகவே கொடுக்க முன்வருகிறோமா என்பதில்தான் இருக்கிறது.

கிளாராவின் சுவர்

1958ஆம் ஆண்டில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அசிசி நகர்ப் புனித கிளாராவை அறிவித்தபோது புன்னகைத்தவர்கள் உண்டு. ஆனால் அதற்கொரு காரணம் இருந்தது. 1252ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு இரவு. நோயுற்றுப் படுத்த படுக்கையாக இருந்த கிளாராவை விட்டுவிட்டு, சகோதரிகள் அனைவரும் வழிபாட்டுக்குச் சென்றனர். தனியே கிடந்த அவருக்கு, தொலைவிலிருந்த புனித பிரான்சிஸ் ஆலயத்தின் வழிபாடு காணவும் கேட்கவும் அருளப்பட்டது என்பது வரலாறு. படுத்திருந்த அறையே ஆலயமாயிற்று.

இந்நிகழ்ச்சியை நாம் இருவகையில் வாசிக்கலாம். தொலைவிலுள்ளதைக் காணும் கொடை யாருக்கு முதலில் உரியது என்பதை அது காட்டுகிறது: படுக்கையில் கிடப்பவருக்கு. அதே வேளையில் அந்த இரவில் கிளாரா தனிமையில் விடப்பட்டிருந்தார் என்பதையும் அது மறைக்கவில்லை. இறைவன் அந்தத் தனிமையை நிரப்பினார். மனிதர் தனியே விட்டது நியாயம் என்று இதற்குப் பொருளாகாது.

நம் பங்குகளில் இன்று எத்தனை கிளாராக்கள்! பிள்ளைகள் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். பணம் தவறாமல் வருகிறது. நல்ல கைப்பேசியும் அகன்ற திரையும் வாங்கித் தந்திருக்கிறார்கள். காலையில் உரோமை, நண்பகலில் லூர்து, மாலையில் வேளாங்கண்ணி என்று அந்த முதியவர் நாள் முழுதும் திருத்தலங்களில் இருக்கிறார். கோவிலிலிருந்து இரண்டு தெரு தள்ளியுள்ள அவர் வீட்டு வாசலைத்தான் எவரும் மிதிப்பதில்லை. “அவருக்கென்ன, எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறார்” என்கிறோம். திரையின் உண்மையான தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. அது நோயாளியை ஏமாற்றுவதில்லை. அவர் நன்றியோடும் கண்ணீரோடும் பார்க்கிறார். அது ஏமாற்றுவது நடக்கக் கால் உள்ள நம்மை. அவருடைய தேவை நிறைவேறிவிட்டது என்று நம்மை நம்பவைக்கிறது.

2025ஆம் ஆண்டு யூபிலிக்கான ஞானப்பலன்கள் குறித்துத் திருப்பீடம் 2024 மே 13 அன்று வெளியிட்ட விதிமுறைகளில் இதற்குத் தெளிவான விடை உள்ளது. திருப்பயணம் செய்ய இயலாத அடைப்பு மடத்தார், முதியோர், நோயாளர், சிறைப்பட்டோர் முதலியோர், பயணம் செய்வோரோடு உள்ளத்தால் ஒன்றித்து, குறிப்பாகத் திருத்தந்தையின் அல்லது ஆயரின் சொற்கள் ஊடகங்கள் வழி ஒலிக்கும் நேரங்களில், இருக்கும் இடத்திலிருந்தே இயேசு கற்பித்த செபத்தையும் விசுவாச அறிக்கையையும் வேண்டுதல்களையும் சொல்லி, தம் துன்பங்களை ஒப்புக்கொடுத்து யூபிலியின் பலனை அடையலாம் என்கின்றன அவ்விதிகள். இங்கே ஊடகத்திற்கு உரிய மதிப்பு அளிக்கப்பட்டுள்ளது. ஆனால் பார்ப்பதோடு முடிந்துவிடவில்லை; செபிக்கவும், தம் துன்பத்தைக் காணிக்கையாக்கவும் நோயாளி அழைக்கப்படுகிறார். அவர் பார்வையாளராக அன்று, பயணியாகவே மதிக்கப்படுகிறார்.

அதே விதிகள் இன்னொன்றும் கூறின. நோயாளரையும், சிறைப்பட்டோரையும், தனிமையிலுள்ள முதியோரையும், மாற்றுத்திறனாளிகளையும் சென்று காண்பது, அவர்களில் வீற்றிருக்கும் கிறிஸ்துவை நோக்கிச் செய்யும் திருப்பயணம் போன்றதே என்று அவை அறிவித்தன. அதற்கும் யூபிலியின் ஞானப்பலன் உண்டு என்றன. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் தீர்வை நாளன்று அரசர் கேட்கப்போகும் கேள்விகளே இதற்கு அடிப்படை. உரோமையின் திருக்கதவுக்குச் செல்வதும், பக்கத்துத் தெருவின் படுக்கைக்குச் செல்வதும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன. மெய்நிகர் என்னும் சொல் எங்கேனும் முழுமையாகப் பொருந்துமானால் அது இங்கேதான் பொருந்தும் என்போம்: உரோமைப் பயணத்திற்கு உண்மையிலேயே நிகரான ஒரு பயணம், நோயாளியின் மெய்யருகே, அவர் உடலருகே, முடிகிறது.

இரு பயணங்களும் சேரும் இடம்

எனவே இக்கருவிகளை வெறுக்கவும் வேண்டாம். அவற்றில் மயங்கவும் வேண்டாம். அவற்றைச் சிலுவைப் பாதையின் படங்களைப்போல் ஆக்கிக்கொள்வது நம் கையில் உள்ளது.

முதலாவதாக, திரையில் போவதற்கும் ஒரு முறையை வகுத்துக்கொள்வோம். ஒரு நாளில் ஓர் இடம் மட்டும். அங்கே போகுமுன் அதற்குரிய நற்செய்திப் பகுதி. அங்கே நின்றபின் ஒரு செபம், அதுவும் யாருக்காவது ஒப்புக்கொடுத்த செபம். பாபிரியின் நூல் அந்தக் கன்னியர்க்குச் செய்த அதே உதவியை நமக்கு நாமே செய்துகொள்ள இயலும். குடும்ப செபத்தில் பத்து நிமிடம் போதும். சிறுவர்கள் முதலில் பொறுமையிழக்கலாம். ஆனால் அடுத்ததைத் தொடாமல் ஒன்றிலே நிற்கக் கற்பதே அவர்களுக்கு இக்காலத்தில் நாம் தரக்கூடிய நல்ல தவப்பயிற்சி.

இரண்டாவதாக, மரியாயின் சேனையினரும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், அன்பியப் பொறுப்பாளர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லப்படுகிறது. அதன்பின் ஒரு நாள், ஒருவர் அல்லது இருவர், கைப்பேசியோடு அந்த வீட்டுக்குச் சென்று கட்டிலருகே அமர்ந்து, அவரோடு சேர்ந்து பேதுருவின் பேராலயத்தைச் சுற்றி வரலாம். “இதோ, அம்மா, இதுதான் பேதுருவின் பாதம், தேய்ந்திருப்பதைப் பாருங்கள்” என்று காட்டலாம். அவர் தாம் இளமையில் நடந்துபோன வேளாங்கண்ணிப் பயணத்தை நினைவுகூர்வார், நாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். காவி உடுத்தி, வெறுங்காலோடு, வழியோரத்தில் யாரோ ஊற்றிய நீர்மோர் குடித்து நடந்த அந்தப் பயணம் அவர் உடலில் இன்னும் இருக்கிறது. திரை காட்டும் காட்சி அந்த நினைவைத் தட்டி எழுப்பும். அப்போது வெறுமையான பேராலயத்தில் இருவரோ மூவரோ அவர் பெயரால் கூடியிருப்பார்கள். ஆண்டவரும் தாம் வாக்களித்தபடி அங்கே இருப்பார்.

அந்தப் பேராலயத்தின் வெண்கலப் பாதத்தை நாம் தொடவில்லை என்பது உண்மையே. ஆனால் பிரியுமுன் அந்த முதியவரின் வெடித்த பாதத்தை ஒரு முறை தொட்டு, தைலம் தடவிவிட்டு வரலாம். தொடுதலால் தேயும் பாதங்கள் உரோமையில் உள்ளன. தொடுவாரின்றி வறண்டுபோன பாதங்கள் நம் தெருவில் உள்ளன. திரையைக் கண்டுவிட்டு எழுந்து அவற்றை நோக்கி நடப்போமானால், வாசல் தாண்டாத அவரும் வாசல் தாண்டிச் சென்ற நாமும் ஒரே திருப்பயணத்தைச் செய்தவர்களாவோம்.